சென்னைக்குப் புதுசா வந்து பிள்ளைய மாநகராட்சி ஸ்கூல்ல சேர்க்கப் போறீங்களா? நான் அலைஞ்ச மாதிரி அலையாதீங்க

ஒரு மே மாசக் கடைசியில வீட்டுக்காரருக்கு வேலை மாறி, நாங்க விழுப்புரம் பக்கத்துல இருந்து வடசென்னைக்குக் குடி வந்தோம். பெரியவன் மூணாவது போகணும், சின்னவ ஒண்ணாவது சேரணும். வீட்டு அட்வான்ஸ் குடுத்ததுலயே கையில இருந்ததெல்லாம் கரைஞ்சு போச்சு, தனியார் ஸ்கூல் ஃபீஸ நெனச்சாலே வயித்தக் கலக்குச்சு, சரி தெருமுனையில இருக்குற மாநகராட்சி ஸ்கூல்லயே போட்டுடலாம்னு முடிவு பண்ணோம். சின்னவள சேர்க்க அரை மணி நேரம்தான் ஆச்சு. பெரியவன் பேரு முழுசா ஏறி முடிக்கிறதுக்குள்ள செப்டம்பர் வந்துடுச்சு.

இதுல ஸ்கூல் மேல தப்பு சொல்ல மாட்டேன். சேர்த்தாச்சு, வேலை முடிஞ்சுதுன்னு நான் வீட்டுக்கு வந்துட்டேன், அதுதான் தப்பு. இந்த ஸ்கூல்கள்ல பிள்ளைக்கும் வீட்டுக்கும் கிடைக்கிறது நெறைய இருக்கு, ஆனா யாரும் உக்கார வெச்சு மொத்தமா சொல்ல மாட்டாங்க, ஒவ்வொண்ணுக்கும் ஒரு பதிவு இருக்கு, அதுல பேர் ஏறியிருக்கான்னு நாமதான் போய்க் கேக்கணும். அதனால வரிசையா எழுதுறேன், இப்பவே ஒரு நோட்டுல குறிச்சு வெச்சுக்கோங்க.

1. முதல்ல எந்த ஸ்கூல்னு பாருங்க

சென்னையில மொத்தம் 200 வார்டு. மாநகராட்சி ஸ்கூல் கிட்டத்தட்ட எல்லா ஏரியாவுலயும் இருக்கும், போர்டுலயே எந்த வகைன்னு போட்டிருக்கும். 'சென்னை தொடக்கப் பள்ளி'ன்னா 1லேர்ந்து 5 வரைக்கும், 'சென்னை நடுநிலைப் பள்ளி'ன்னா 8 வரைக்கும். ரெண்டும் ஒரே தூரத்துல இருந்தா நடுநிலைப் பள்ளியப் பாருங்க, இல்லன்னா அஞ்சாவது முடிச்ச உடனே மறுபடியும் டிசி, மறுபடியும் அலைச்சல். தொடக்கப் பள்ளி வீட்டுல இருந்து 1 கிலோமீட்டருக்குள்ள இருக்கணும்னு விதியே இருக்கு, அதனால பஸ் ஏத்தி அனுப்புற அளவுக்கு தூரமா போகத் தேவையில்ல.

பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்க, எதிர்வீட்டு அண்ணன் சொன்னாருன்னு முடிவு பண்ணாதீங்க. நான் மூணு ஸ்கூல் சுத்திப் பார்த்தேன். காலையில எட்டரை மணிக்கு கேட் பக்கமா போய் நில்லுங்க, எத்தனை டீச்சருங்க நேரத்துக்கு வர்றாங்க, பிள்ளைங்க எப்படி உள்ள போகுதுங்கன்னு அங்கேயே தெரிஞ்சுடும். அப்புறம் டாய்லெட்டப் பாருங்க. கூச்சப்படாம 'பொம்பளப் பிள்ளைய சேர்க்கணும், பாத்ரூம் பாக்கலாமா மிஸ்'னு கேளுங்க, நல்ல ஸ்கூலா இருந்தா காட்டுவாங்க. ஒரு எடத்துல காட்டல. நான் திரும்பி வந்துட்டேன்.

எல்கேஜி, யுகேஜி எல்லா மாநகராட்சி ஸ்கூல்லயும் கிடையாது, நெறைய எடத்துல இருக்கு. இல்லாத எடத்துல சின்னதுங்களுக்கு அங்கன்வாடிதான். ஒண்ணாவதுக்கு 5 வயசு முடிஞ்சிருக்கணும்.

2. தமிழ் மீடியமா, இங்கிலீஷ் மீடியமா: கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி யோசிங்க

அப்ளிகேஷன்ல ஒரு கட்டம் இருக்கும், டிக் அடிக்கச் சொல்லுவாங்க. எல்லாரும் பட்டுன்னு இங்கிலீஷ் மீடியம்னு அடிச்சுடுவாங்க, நானும் பேனாவ எடுத்துட்டேன், நல்ல வேளையா ஹெச்.எம். அம்மா நிறுத்தி ஒரு விஷயம் சொன்னாங்க. தமிழ்நாட்டு அரசு வேலையில தமிழ் வழியில படிச்சவங்களுக்கு 20 சதவீதம் ஒதுக்கீடு இருக்குல்ல, 2020-ல அந்தச் சட்டத்தத் திருத்தினதுக்கு அப்புறம் ஒண்ணாவதுலேர்ந்தே தமிழ் வழியில படிச்சிருக்கணும். நடுவுல ரெண்டு வருஷம் இங்கிலீஷ் மீடியத்துல இருந்துட்டு திரும்பி வந்தா அது செல்லாது. இருபது வருஷம் கழிச்சு வரப்போற விஷயம்தான், ஆனா முடிவு இந்தக் கட்டத்துலதான் ஆகுது.

இங்கிலீஷ் மீடியம் போடக்கூடாதுன்னு சொல்லல. எங்க பெரியவன் ஏற்கனவே இங்கிலீஷ் மீடியம், அவன அப்படியே தொடர விட்டோம், சின்னவ தமிழ் மீடியம். ஒரே வீட்டுல ரெண்டும் ஓடிட்டிருக்கு. மெடிக்கல் சீட்டுல 7.5 சதவீதம் உள் ஒதுக்கீடு, காலேஜ் போற பொண்ணுங்களுக்கு மாசம் 1000 ரூபா புதுமைப்பெண், பசங்களுக்கு தமிழ்ப் புதல்வன், இதெல்லாம் மீடியத்தப் பார்த்து குடுக்கிறது இல்ல, 6லேர்ந்து 12 வரைக்கும் எந்த ஸ்கூல்ல படிச்சாங்கன்னு பார்த்து குடுக்கிறது. மாநகராட்சி ஸ்கூலும் அதுல அரசுப் பள்ளி கணக்குலதான் வருது. அதனால ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க.

3. என்னென்ன பேப்பர் எடுத்துட்டுப் போகணும்

ஒரு பிளாஸ்டிக் ஃபைல் வாங்கி எல்லாத்தையும் ஒரிஜினல் தனி, ஜெராக்ஸ் தனின்னு வெச்சுக்கோங்க. ஜெராக்ஸ் மூணு செட் எடுங்க, ஒரு செட் பத்தாது.

பிறப்புச் சான்றிதழ். பிள்ளை சென்னையில பிறந்திருந்தா மாநகராட்சி வெப்சைட்லயே காசு இல்லாம டவுன்லோட் பண்ணிக்கலாம், எவன்கிட்டயும் 300, 500னு குடுக்காதீங்க. சான்றிதழ்ல பிள்ளையோட பேர் இருக்கான்னு பாருங்க, நெறைய பேர் ஆஸ்பத்திரியில குடுத்த சான்றிதழ அப்படியே வெச்சிருப்பாங்க, அதுல அப்பா அம்மா பேர் மட்டும் இருக்கும், பிள்ளை பேர் காலியா இருக்கும்.

ஆதார், பிள்ளையோடதும் நம்மளோடதும். 5 வயசுக்கு முன்னாடி எடுத்த நீலக் கலர் ஆதார்ல கைரேகை இருக்காது, 5 முடிஞ்சதும் கைரேகை, கண் ரேகை பதியணும், 5லேர்ந்து 7 வயசுக்குள்ள பண்ணா இலவசம். சில ஸ்கூல்கள்ல மெஷின் எடுத்துட்டு வந்து அங்கேயே பதியுறாங்க, அதனால ஆதார் சென்டர்ல விடிகாலை போய் டோக்கன் வாங்குறதுக்கு முன்னாடி ஸ்கூல்ல ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

சாதிச் சான்றிதழ். இல்லன்னா இ-சேவை மையத்துல அப்ளை பண்ணுங்க, கட்டணம் 60 ரூபா. வி.ஏ.ஓ., ஆர்.ஐ. தாண்டி தாசில்தார் கிட்ட போய் வரணும், நேரம் எடுக்கும், அதனால ஏப்ரல்லயே போட்டுடுங்க. ஜூன்ல ஊரே போய் நிக்கும், சர்வர் வேற படுத்துடும்.

இதோட ரேஷன் கார்டு ஜெராக்ஸ், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ நாலு, பிள்ளையோட ரத்த வகை, ரெண்டாவதுலயோ அதுக்கு மேலயோ சேர்க்கிறதா இருந்தா டிசி. பேங்க் பாஸ்புக் அன்னைக்கே வேணாம், அப்புறமா கேப்பாங்க.

இப்ப முக்கியமான விஷயம். இதுல ஏதாவது ஒண்ணு இல்லன்னா சேர்க்க மாட்டாங்கன்னு வீட்டுலயே உக்காந்துடாதீங்க. 2009 கல்வி உரிமைச் சட்டத்துல, வயசுச் சான்று இல்லன்னு சொல்லி பிள்ளைய திருப்பி அனுப்பக்கூடாதுன்னு தெளிவா இருக்கு. ஆஸ்பத்திரி பதிவு, அங்கன்வாடி பதிவு, அதுவும் இல்லன்னா அப்பா அம்மா எழுதிக் குடுக்குற உறுதிமொழி போதும். ஆதார் இல்லன்னு அட்மிஷன் மறுக்கக்கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட்டு 2018-லயே சொல்லிடுச்சு. எங்க காம்பவுண்டுல ஒரு ஒடிசா குடும்பம், கட்டட வேலை, கையில ஒரு பேப்பரும் இல்ல, நான்தான் கூட்டிட்டுப் போனேன், ஹெச்.எம். ஒரு வெள்ளப் பேப்பர்ல எழுதி வாங்கிட்டு அன்னைக்கே கிளாஸ்ல உக்கார வெச்சுட்டாங்க. அந்த வீட்டுப் பொண்ணு இப்ப என் பொண்ணவிட நல்லா தமிழ் வாசிக்குது.

பேர் எழுதும்போது பக்கத்துலயே நின்னு பாருங்க. தமிழ்ல எழுத்து, இங்கிலீஷ்ல ஸ்பெல்லிங், இனிஷியல், பிறந்த தேதி, நாலும் பிறப்புச் சான்றிதழ்ல இருக்குற மாதிரியே இருக்கணும். இன்னைக்கு ஒரு எழுத்து மாறினா பத்தாவது மார்க் ஷீட்ல வந்து நிக்கும்.

4. எப்ப போகணும்

இப்பல்லாம் மார்ச் 1-ஆம் தேதியே அட்மிஷன் ஆரம்பிச்சுடுறாங்க. நல்லா பேர் வாங்குன மாநகராட்சி ஸ்கூல்கள்ல இங்கிலீஷ் மீடியம் சீட்டு சீக்கிரமே நிறைஞ்சிடும், அதனால ஒண்ணாவதுக்கும் எல்கேஜிக்கும் மார்ச்லயே போயிடுங்க. ஜூன்ல ஸ்கூல் திறந்த முதல் வாரம் போகாதீங்கன்னு சொல்ல மாட்டேன், ஆனா அந்த வாரம் ஹெச்.எம். ரூம் வாசல்ல கூட்டம் இருக்கும், நீங்க கேக்குற கேள்விக்கெல்லாம் நின்னு பதில் சொல்ல அவங்களுக்கு நேரம் இருக்காது. நடு வருஷத்துல ஊர் மாறி வந்தாலும் சேர்க்கணும், தேதி முடிஞ்சு போச்சுன்னு மறுக்கக்கூடாது.

போற நேரம் காலையில பத்தரைக்கு மேல. அதுக்கு முன்னாடி பிரேயர், அட்டெண்டன்ஸ்னு ஓடிட்டிருப்பாங்க.

ஃபீஸ்? கிடையாது. அட்மிஷன் ஃபீஸ், டொனேஷன், நுழைவுத் தேர்வு எதுவும் கிடையாது, சட்டப்படியே கூடாது. எனக்கு ஆன செலவு ஜெராக்ஸ், போட்டோ, ரெண்டு இ-சேவை விண்ணப்பம், ஆட்டோ, எல்லாம் சேர்த்து 400 ரூபா கூட தாண்டல. டிசிக்காக ஊருக்குப் போய் வந்த பஸ் காசுதான் அதவிட ஜாஸ்தி, அந்தக் கதைய இப்ப சொல்றேன்.

5. டிசியும் எமிஸ் நம்பரும், நான் மாட்டிக்கிட்ட எடம்

எமிஸ்னா ஸ்கூல் கல்வித் துறையோட கம்ப்யூட்டர் பதிவு. தமிழ்நாட்டுல படிக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும், தனியார் ஸ்கூலா இருந்தாலும், அதுல ஒரு நம்பர் இருக்கு. பிள்ளை ஸ்கூல் மாறும்போது பழைய ஸ்கூல்காரங்க அந்தப் பேர அவங்க லிஸ்ட்ல இருந்து எடுத்து 'காமன் பூல்'னு ஒரு பொது லிஸ்ட்ல விடணும், புது ஸ்கூல் அதுல இருந்து எடுத்துக்கும். இதத் தெரிஞ்சுக்காததுதான் என் அறியாமை.

எங்க பெரியவன் படிச்ச பழைய ஸ்கூல்ல போன வருஷ ஃபீஸ் கொஞ்சம் பாக்கி இருந்துச்சு, அதக் கட்டினாத்தான் டிசின்னு சொல்லிட்டாங்க. இங்க மாநகராட்சி ஸ்கூல்ல டிசி அப்புறம் குடுங்க, இப்ப உக்காரட்டும்னு சொல்லி சேர்த்துக்கிட்டாங்க, ஏன்னா டிசி வர லேட் ஆகுதுன்னு அரசுப் பள்ளியில சேர்க்க மறுக்கக்கூடாது, அதுவும் அதே கல்வி உரிமைச் சட்டம்தான். நானும் நிம்மதியா இருந்துட்டேன். ஜூலை ஆச்சு, எல்லாருக்கும் புது யூனிஃபார்ம் வந்துச்சு, இவனுக்கு இல்ல. ஆகஸ்ட்ல காலணி வந்துச்சு, இவன் பேர் லிஸ்ட்ல இல்ல. கிளாஸ்ல உக்காந்திருக்கான், டெஸ்ட் எழுதுறான், ஆனா கம்ப்யூட்டர் கணக்குல இன்னும் விழுப்புரம் பக்கத்துல படிச்சிட்டிருக்கான்! எதுவும் லிஸ்ட்படிதான் வருது, டீச்சர் நெனச்சாலும் எடுத்துக் குடுக்க முடியாது. பாவம் அந்த மிஸ் ஒரு பழைய செட் யூனிஃபார்ம் எங்கேயோ தேடிக் கொண்டு வந்து குடுத்தாங்க.

ரெண்டு தடவை ஊருக்குப் போய் வந்தேன். வாய்ச்சண்டை போட்டதுதான் மிச்சம். கடைசியில ஹெச்.எம். சொல்லி, மகன் பேர், எமிஸ் நம்பர், சேர்ந்த தேதி எல்லாம் எழுதி அந்த ஊர் கல்வி அலுவலருக்கு ஒரு மனு குடுத்தேன், அதுக்கப்புறம் ஒரே வாரத்துல காமன் பூலுக்கு விட்டாங்க. ஃபீஸ் பாக்கிக்காக டிசிய பிடிச்சு வெக்கக்கூடாதுன்னு மெட்ராஸ் ஹைகோர்ட்டு 2024-ல சொன்னது எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா முதல் தடவையே மனுவோட போயிருப்பேன்.

அதனால நீங்க பண்ண வேண்டியது இதுதான். பழைய ஸ்கூல விட்டு வரும்போதே பிள்ளையோட எமிஸ் நம்பர எழுதி வாங்கிக்கோங்க. டிசி கையில வந்த உடனே 'காமன் பூல்ல விட்டுட்டீங்களா'ன்னு அந்த இடத்துலயே கேளுங்க, டிசி குடுத்துட்டா அதுவும் ஆயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல. புது ஸ்கூல்ல சேர்த்து ஒரு வாரம் கழிச்சு கிளாஸ் டீச்சர்கிட்ட 'பேர் எமிஸ்ல நம்ம ஸ்கூலுக்கு வந்துடுச்சா மிஸ்'னு கேளுங்க. வந்துடுச்சுன்னு சொல்ற வரைக்கும் வாரா வாரம் கேளுங்க, தொல்லைன்னு நெனச்சா நெனச்சுட்டுப் போகட்டும். வேற மாநிலத்துல இருந்து வர்ற பிள்ளைக்கு இந்த நம்பரே இருக்காது, புதுசாப் போடுவாங்க, அது உண்மையில சுலபம்.

போன் நம்பர் குடுக்கும்போது எப்பவும் ஆன்ல இருக்குற நம்பரா குடுங்க. சரிபார்க்க ஓடிபி வந்தா டீச்சர் முன்னாடி உக்காந்து சொல்லுங்க. மத்தபடி 'உங்க பிள்ளைக்கு ஸ்காலர்ஷிப் வந்திருக்கு'ன்னு எவனாவது போன்ல ஓடிபி கேட்டா கட் பண்ணிடுங்க, அது திருட்டுப் பயலுங்க.

6. சாப்பாடு, துணி, புத்தகம்

காலைச் சாப்பாடு 1லேர்ந்து 5 வரைக்கும் எல்லாருக்கும் உண்டு, உப்புமா, கிச்சடி, பொங்கல்னு நாளுக்கு ஒண்ணு, சாம்பாரோட. ஸ்கூல் மணி அடிக்கிறதுக்கு முன்னாடியே போட்டு முடிச்சிடுவாங்க, அதனால பிள்ளைய எட்டு, எட்டேகாலுக்கு விடணும். ஒன்பது மணிக்குக் கொண்டு போய் விட்டுட்டு 'டிபன் குடுக்கல'ன்னு சண்டை போட்ட ஆளு நான். வேலைக்குப் போற அம்மாக்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவின்னு சொல்லித் தெரிய வேண்டியதில்ல, காலையில அடுப்படியில ஒரு மணி நேரம் மிச்சம்.

மதியம் சத்துணவு, முட்டையோட. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம், முன்னாடியே சொல்லி வெக்கணும். இங்க ஒரு பொறி இருக்கு, கவனமா கேளுங்க. நம்ம பிள்ளை வீட்டுச் சாப்பாடுதான் சாப்பிடும்னு கௌரவத்துக்காக சத்துணவுல பேர் குடுக்காம விட்டுடுறாங்க. வருஷத்துக்கு 4 செட் யூனிஃபார்ம் குடுக்கிறது சத்துணவுல பேர் இருக்குற பிள்ளைங்களுக்குத்தான். அதனால பேர் குடுங்க, சாப்பிடவும் வைங்க, சாப்பாடு நல்லாத்தான் இருக்கு, நான் ஒரு நாள் வாங்கி ருசி பார்த்திருக்கேன். நாலு செட்டும் ஒரே நாள்ல வராது, அதுவரைக்கும் கலர் டிரஸ்ல அனுப்பினா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, அவசரப்பட்டு கடையில வாங்காதீங்க.

புத்தகம் பருவத்துக்கு ஒரு தடவை, வருஷத்துல மூணு தடவை. நோட்டு, பை, காலணி, கலர் பென்சில் எல்லாம் இலவசம். பஸ்ஸும் இலவசம். நீங்க வாங்க வேண்டியது தண்ணி பாட்டில், பென்சில் டப்பா, சாப்பாட்டுத் தட்டு கொண்டு வரச் சொன்னா ஒரு தட்டு, அவ்வளவுதான்.

7. அப்பா அம்மாவுக்கு உள்ள வேலை

பள்ளி மேலாண்மைக் குழுன்னு ஒண்ணு ஒவ்வொரு ஸ்கூல்லயும் இருக்கு. அதுல முக்கால்வாசி பேர் பெற்றோர்தான் இருக்கணும், பாதிப் பேர் பொம்பளைங்களா இருக்கணும். ஹெச்.எம்., டீச்சர், வார்டு கவுன்சிலர் எல்லாம் உக்காருவாங்க. கூட்டம் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் நடக்கும். நான் முதல்ல போகல, நமக்கு என்ன தெரியும், படிச்சவங்க பேசுவாங்கன்னு நெனச்சேன். போய்ப் பார்த்தா மொத்தம் எட்டு பேர், எல்லாரும் என்ன மாதிரிதான். தண்ணி டேங்க் கழுவல, தெருவிளக்கு எரியல, கேட்டுக்கு முன்னாடி குப்பைத் தொட்டி, இதெல்லாம் அங்க சொன்னா தீர்மானமா எழுதுவாங்க, எழுதி கையெழுத்து ஆயிடுச்சுன்னா கவுன்சிலருக்கு பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் வந்துடுது. எங்க ஸ்கூல் வாசல் குப்பைத் தொட்டி அப்படித்தான் நகர்ந்துச்சு. ஸ்கூலுக்கு வந்த பணம் எவ்வளவு, எதுக்கு செலவாச்சுன்னு கேக்குற உரிமையும் அந்தக் குழுவுக்கு இருக்கு. அரை நாள் கூலி போனாலும் வருஷத்துல நாலு தடவையாவது போங்க.

எண்ணும் எழுத்தும்னு சின்ன வகுப்புகளுக்கு ஒரு திட்டம் ஓடுது, பாட்டு, அட்டை, விளையாட்டுன்னு சொல்லித் தருவாங்க, பிள்ளைங்கள அரும்பு, மொட்டு, மலர்னு அவங்கவங்க நெலமைக்கு ஏத்த மாதிரி பிரிப்பாங்க. மூணாவது படிக்கிற பிள்ளைய 'அரும்பு'ல போட்டுட்டாங்கன்னு சில அம்மாக்கள் கோவிச்சுக்கிறாங்க, அது ஃபெயில் இல்ல, எங்க இருந்து ஆரம்பிக்கணும்னு பார்க்கிறது. எந்தப் படியில இருக்கான்னு கேட்டுத் தெரிஞ்சுக்கோங்க, வீட்டுல அதுக்கு ஏத்த மாதிரி வாசிக்க வெக்கலாம். சாயங்காலம் பக்கத்துல இல்லம் தேடிக் கல்வி (தன்னார்வலர்கள் சொல்லித் தர்ற வகுப்பு) இன்னும் நடக்குதான்னும் விசாரிங்க, காசு கிடையாது.

டாக்டருங்க வண்டியோட வந்து பிள்ளைங்கள செக் பண்ணுவாங்க, கண்ணு, காது, பல்லு, ரத்தசோகை எல்லாம். அன்னைக்கு லீவு போட விடாதீங்க. நடக்க, பேச, கத்துக்க சிரமப்படுற பிள்ளையா இருந்தா சிறப்பு ஆசிரியர், பிசியோதெரபி எல்லாம் அரசுச் செலவுலயே உண்டு, ஆனா மறைக்காம முதல் நாளே சொல்லணும், அப்பத்தான் பதிவாகும்.

இன்னொண்ணு, யாருக்கும் தேவைப்படக்கூடாது, ஆனா தெரிஞ்சிருக்கணும். அரசுப் பள்ளியில படிக்கிற பிள்ளையோட அப்பாவோ அம்மாவோ, சம்பாதிக்கிற ஆளு, விபத்துல இறந்துட்டாலோ எழுந்து வேலைக்குப் போக முடியாத அளவுக்கு முடங்கிட்டாலோ பிள்ளை பேர்ல 75,000 ரூபா அரசு போடும். ஹெச்.எம். மூலமாத்தான் விண்ணப்பிக்கணும். எங்க தெருவுல ஒரு குடும்பத்துக்கு ரெண்டு வருஷமா இது தெரியாமலேயே இருந்துச்சு.

8. ஏதாவது நடக்கலன்னா

முதல்ல கிளாஸ் டீச்சர், அப்புறம் ஹெச்.எம். வாட்ஸ்அப் குரூப்ல கத்தாதீங்க, அதுல வேலை நடக்காது, மனஸ்தாபம்தான் மிஞ்சும். அங்க முடியலன்னா எழுத்துல குடுங்க, தேதி போட்டு, ஒரு காப்பி கையில வெச்சுக்கோங்க. கட்டடம், தண்ணி, கழிப்பறை, குப்பை விஷயத்துக்கு மாநகராட்சி நம்பர் 1913, புகார் நம்பர் குடுப்பாங்க, குறிச்சுக்கோங்க. படிப்பு, டிசி, அட்மிஷன் விஷயத்துக்கு கல்வித் துறையோட 14417. பிள்ளைய அடிச்சா, வேற ஏதாவது தப்பு நடந்தா யாரையும் கேக்காம குழந்தைகள் உதவி நம்பர் 1098. 14417-க்குக் கூப்பிடும்போது பிள்ளையோட எமிஸ் நம்பர கையில எடுத்து வெச்சுக்கோங்க, நான் கூப்பிட்டப்ப முதல்ல அதத்தான் கேட்டாங்க, நான் ஃபைலத் தேடிட்டு இருக்கும்போதே லைன் கட் ஆயிடுச்சு.